நாலாவது கம்பியின் அடியில்

ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்து

அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்க உடுத்திக்கொண்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இப்போது உனக்குக் கீழேயும் ஆட்கள் வேலை செய்கிறார்களாமே, அம்மா சொன்னாள். அவர்களுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரிக்காதே. ‘வாலு’ என்று ஆரம்பிப்பதைப் பார்த்தால் உன் மரியாதை போய்விடும்.

போன் இருக்கும்போது இவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் தொண்டையைச் செருமுவதற்குள் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, நான் சொல்ல வந்ததையெல்லாம் எனக்கு முன்னால் சொல்லி முடித்துவிடுகிறாள். மிச்சம் எனக்குக் கிடைப்பது “சரிம்மா, வச்சிடவா” மட்டும்தான். காகிதத்தில் அவள் குறுக்கே வர முடியாது. வரப் பார்த்தாள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள்.

போன வாரம் போனில் நம் மனையைப் பற்றிக் கேட்டாய். “உனக்காகத்தாம்மா வச்சிருக்கேன்” என்றேன். அதற்கப்புறம் உன் பக்கம் பேச்சே இல்லை. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. லைன் சரியில்லை போலிருக்கிறது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் என் புது உத்தியோகத்தைச் சொல்கிறேன். டிப்போவில் முப்பது வருஷம் பஸ்ஸுக்கு பிரேக் பார்த்தவன், ஓய்வு பெற்ற பின் சேற்றுக்குக் காவல் காக்கிறேன். சிரிக்காதே. தடுப்புக் கரைக்கு அந்தப் பக்கம், கடல் தண்ணீர் தினம் இரண்டு முறை ஏறி இறங்குமே, அந்தப் புல்லும் சேறுமான சதுப்பு. அங்கே ஆராய்ச்சி நிலையம் ஒன்று வைத்திருக்கிறார்கள். நிலையம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு நான். கொட்டகையிலிருந்து சதுப்புக்குள் மரப்பலகைப் பாதை போகிறது. பாதையோரம் வரிசையாக இரும்புக் கம்பிகள். ஒவ்வொன்றும் பூமிக்குள் பல ஆள் ஆழம் இறங்கி நிற்கிறது. கடல் புரண்டாலும் கம்பி அசையாது. அதில் ஒரு சட்டத்தை மாட்டி, அதிலிருந்து சின்னக் குச்சிகளை இறக்கி, சேற்றின் மட்டம் போன முறையைவிட ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். உன்னைக் கதவு நிலையோடு நிற்க வைத்துத் தலைக்கு மேலே பென்சிலால் கோடு போடுவேனே, அதே வேலைதான். நீயாவது குதிகாலைத் தூக்கி ஏமாற்றுவாய். சேறு அந்த விஷயத்தில் யோக்கியம்.

அளக்க வருவது உன் வயதுப் பெண். முழங்காலுக்கு மேல் ஏறுகிற ரப்பர் காலணியோடுதான் எப்போதும் பார்க்கலாம், அதனால் நானும் அம்மாவும் அவளை ‘பூட்ஸ்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். நேரில் மேடம். நல்ல பெண். தவறாமல் முழங்காலை விசாரிப்பாள்.

அவள் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். கடல் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறதாம். அதற்காகச் சதுப்பு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லையாம். தண்ணீர் ஏறும்போது கலங்கலாக வருகிறது, புல் அதன் வேகத்தைக் குறைக்கிறது, கலங்கல் கீழே படிகிறது. அடியில் வேரும் சேர்ந்து மண்ணைத் தூக்குகிறது. இப்படிக் கடல் ஒரு படி ஏறினால் சதுப்பும் ஒரு படி ஏறிக்கொள்கிறது. ஆனால் கடலின் வேகம் கூடிப்போனால் ஏறுவது மட்டும் போதாதாம். மெல்ல உள்நிலத்துப் பக்கம் நகர வேண்டுமாம். நகரலாம் என்று பார்த்தால் பின்னால் நம் தடுப்புக் கரை நிற்கிறது.

எனக்கு இது சரியாகப் பிடிபடவில்லை. என்னோடு டிப்போவில் இருந்த கண்டக்டர் மாமாதான் விளக்கினார். “பஸ்ஸு மாதிரிடா. வாசல்ல கடல் ஏறிக்கிட்டே இருக்கு. உள்ள நிக்கிறவன் நகர்ந்தாத்தான் எல்லாரும் நிக்கலாம். பின்னாடி நீ சுவர் கட்டி வச்சிருந்தா அவன் எங்கடா போவான், ஜன்னல் வழியாவா குதிப்பான்?” என்றார். வாழ்நாள் முழுக்க “உள்ள போங்க, உள்ள போங்க” என்று கத்தின மனுஷன். அவருக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கரையை வெட்டிவிடப் போகிறார்களாம். டிப்போ பக்கத்து மேட்டில் புதிதாக ஒரு கரை போட்டு, இரண்டுக்கும் நடுவே உள்ள தாழ்நிலத்தைச் சதுப்புக்கு விட்டுவிடுவார்களாம். போன புயலில் அலையைப் பாதி உடைத்ததே இந்தச் சதுப்புதான், இது மூழ்கிவிட்டால் அடுத்த அலை நேராகத் தெருவுக்குள் வரும் என்கிறார்கள். அந்தத் தாழ்நிலத்தில்தான் நம் மனை. பக்கத்து மனை கண்டக்டருடையது. என் பேச்சைக் கேட்டு வாங்கியவர், என் பேச்சைக் கேட்காமல் விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார். மற்றவர்களும் சம்மதம். மாற்று இடம் மேட்டில் தருகிறார்களாம், வீடு கட்டும் அளவுக்கு இல்லை, தோட்டம் போடலாம். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் வெட்டுவார்கள். ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் உன் அப்பா.

ஏன் என்று உனக்குத் தெரியும். நீ வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கிய மனை. நீ திரும்பி வந்தால் வீடு கட்ட. மூலையில் ஒரு பழைய பஸ்ஸின் மஞ்சள் கைப்பிடிக் கம்பியை நட்டு வைத்திருக்கிறேனே, அது இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. சதுப்பில் நாலாவது கம்பி இருக்கும் இடத்தில் கரை சற்றுத் தாழ்ந்திருக்கும். அங்கே நின்றால் கரைக்கு மேலே நம் மஞ்சள் கம்பியின் தலை தெரியும். தினம் காலை பிளாஸ்க்கில் தேநீரோடு அங்கே போய் நின்று, வாசல் இங்கே, கூடம் இங்கே என்று பார்த்துக்கொள்வேன்.

தண்ணீர் அதிகமாக ஏறும் நாட்களில் மனை கொஞ்சம் ஈரமாக இருப்பது உண்மைதான். அம்மா, “அஸ்திவாரம் போடறதுக்குப் பதிலா நங்கூரம் போடுங்க” என்கிறாள். “பஸ்ஸுக்கு பிரேக் பிடிச்சுப் பிடிச்சு, உங்களுக்கு எதையும் விடவே தெரியல” என்றும் சொன்னாள். தையல்காரிக்குக் கத்திரி மட்டும் போதாது, நாக்கும் அதே கூர்மையில் வேண்டியிருக்கிறது.

நீ கவலைப்படாதே. நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஒன்று மட்டும் எழுது. சமையலறை எந்தப் பக்கம் வேண்டும்? டிப்போ பக்கமா, கடல் பக்கமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

மனையைக் காக்கும்,
அப்பா

*

புதன், மழை விட்ட காலை

அன்புள்ள வாலுக்கு,

அப்பாவின் ஆசிகள். உன் பதில் வந்தது. அங்கே பனி பெய்வதையும், மாடிப்படியில் வழுக்குவதையும், நீ புதுக் காலணி வாங்கியதையும் விவரமாக எழுதியிருந்தாய். சந்தோஷம். சமையலறையைப் பற்றி எழுத மறந்துவிட்டாய்போல. அவசரமில்லை.

இங்கே நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி.

மாநகராட்சிக் கூடத்தில் கரை விஷயமாகக் கூட்டம் போட்டார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்பே பூட்ஸ் முகம் வாடித் திரிந்தாள். மற்ற எல்லாக் கம்பியிலும் சேறு ஏறியிருக்கிறது, நாலாவது கம்பியில் மட்டும் இறங்கியிருக்கிறதாம். அதற்கு முந்தின முறையும் அப்படித்தானாம். அங்கே புல்லும் வட்டமாகச் செத்துப்போயிருக்கிறது. நண்டு குடைகிறதா, அடியில் மண் சரிகிறதா, சட்டம் வளைந்துவிட்டதா என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். கரையை ஒட்டின இடத்திலேயே சதுப்பு தாழ்ந்தால், நிலம் கொடுத்தாலும் அது பிழைக்குமா என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குஷி. கூட்டத்தில் எழுந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக மைக் பிடித்தேன். “மூழ்கப் போற ஆளுக்கு எதுக்குங்க சீட்டு? சேறே இறங்கிட்டிருக்குன்னு உங்க கம்பியே சொல்லுது. எம் மனையைக் கொடுத்தா மனையும் போகும், சதுப்பும் போகும்” என்றேன். கை தட்டினார்கள். கை தட்டியது ஒரே ஒருவர்தான், அவரும் கொசு அடித்தாராம், கண்டக்டர் பிறகு சொன்னார். ஆனாலும் அதிகாரி தலையை ஆட்டி, முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேச்சை முழுதாக இன்னொரு தரம் பேசிக் காட்டினேன். அவள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, “அந்தச் சேத்துக்கு என்ன வருத்தமோ” என்றாள்.

நேற்றுக் காலை தண்ணீர் இறங்கியிருந்த நேரம். வழக்கம்போல் பலகைப் பாதையில் போய், நாலாவது கம்பியிடம் பலகையை விட்டு இறங்கி, தோளிலிருந்த துணியால் கம்பியைத் துடைத்தேன். பறவைகள் அதன் தலையில் உட்கார்ந்து அசிங்கம் செய்துவிடுகின்றன. டிப்போ பழக்கம் உனக்குத் தெரியும், அழுக்கு இரும்பைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. துடைத்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து, நம் மஞ்சள் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாடி போடுவதானால் படி உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று யோசனை.

பின்னால் “அங்கிள்” என்று ஒரு குரல். பூட்ஸ். சட்டம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். நான் கணுக்கால் வரை சேற்றுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

“தினமும் இங்கயா நிப்பீங்க?” என்றாள்.

“ஆமாம்மா, வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து. ஒரு நாள் தவறினதில்ல” என்றேன், சம்பள உயர்வு கேட்கிற தோரணையில்.

அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டுச் சொன்னாள்: “அங்கிள், சதுப்பு மூழ்கல. நீங்கதான் அதை அமுக்கிட்டிருக்கீங்க.”

“விளங்கலையேம்மா” என்றேன். கத்தியை எடுத்து, அடுத்த கம்பியடியில் பலகையில் குப்புறப் படுத்தபடியே சேற்றில் ஒரு துண்டு வெட்டிக் காட்டினாள். ஆரம்பத்தில் சேற்றின் மேல் ஒரு வெள்ளைப் பொடி தூவி வைத்திருந்தார்களாம். அந்த வெள்ளைக் கோட்டுக்கு மேலே ஒரு விரல் தடிமனுக்குப் புதுச் சேறு படிந்திருந்தது. பிறகு நான் நின்ற இடத்தில் ஒரு துண்டு. வெள்ளைக்கோடு நசுங்கி நெளிந்து, அதன் மேல் அட்டை கனத்துக்குத்தான் சேறு. வேரெல்லாம் அழுகிக் கறுத்துக் கிடந்தது. தினம் நான் போன பின் தண்ணீர் ஏறி என் கால்தடத்தைத் தடவிச் சமமாக்கிவிட்டுப் போயிருக்கிறது. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இத்தனை நாள் காப்பாற்றியது அந்தக் கடல்தான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் சொல்லியிருந்தாள், பலகையை விட்டு யாரும் இறங்கக் கூடாது என்று. நான் மற்றவர்களைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் காவல்காரன் அல்லவா. எத்தனை பேரை நானே அதட்டி மேலே ஏற்றியிருக்கிறேன் தெரியுமா.

“இப்ப என்னம்மா செய்யறது?” என்று கேட்டேன். மண் கொட்டட்டுமா, புல் நடட்டுமா, சொன்னால் இன்றைக்கே செய்கிறேன் என்றேன். “ஒண்ணும் செய்ய வேணாம் அங்கிள். தள்ளி நில்லுங்க, போதும். மெதுவா அதுவே எழும்பிக்கும்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்த கூட்டத்தில் இதை அவள் சொல்லியாக வேண்டும், என் பேர் வராமல் சொல்லப் பார்ப்பதாகச் சொன்னாள். நான், நானே சொல்கிறேன் என்றேன். மைக் பிடித்த கை அல்லவா.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு வயிறு வலிக்கச் சிரிப்பாள், கண்டக்டர் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். “அதை மட்டுமா” என்று கேட்டாள். அவ்வளவுதான். மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால், “உங்க மகளையே கேளுங்க” என்கிறாள். உனக்குத் தெரிந்தால் எழுது. திட்டுவதானாலும் பரவாயில்லை, எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

ஆசிகளுடன், சேற்றுக் காலோடு,
அப்பா

*

வெள்ளி

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். அம்மா நலம்.

வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன். முடித்துவிட்டு விவரமாக எழுதுகிறேன்.

அப்பா

*

ஞாயிறு, புதுக் கரையின் மேல் உட்கார்ந்து

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ இருக்கும் இடத்தில் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

இருக்கிற நாலு கதவுக்கு எண்ணெய் விட இத்தனை மாதமா என்று கேட்பாய். நடுவில் போனில் பேசாமல் இல்லை. ஆனால் நீயும் நானும் பேசியதை யாராவது கேட்டிருந்தால் வானொலியில் வானிலை வாசிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அங்கே குளிர், இங்கே வெயில், சரிம்மா, சரிப்பா. அதனால் மறுபடி காகிதத்துக்கு வந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று அம்மா அதைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்திருந்தாள். உன் பெயர் போட்ட உறையை அவள் பிரிக்காமல் வைத்து நான் பார்த்ததில்லை. உள்ளே இருப்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்று அப்போதே தெரிந்துபோயிற்று. அங்கேயே ஒரு வீடு வாங்கிவிட்டாய், இனி அந்த ஊர்தான், அந்த வேலைதான் என்று எழுதியிருந்தாய். நல்ல செய்திதானே, இதைச் சொல்ல என் மகள் ஒரு வருஷமாக அம்மாவிடம் ரகசியம் பேசியிருக்கிறாளே என்றுதான் முதலில் கோபம் வந்தது. “நீங்க அந்த மனையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே எனக்கு வாயடைச்சுப் போகுதுப்பா” என்று எழுதியிருந்த வரியை மட்டும் பல தடவை படித்தேன். போனில் குழாய்ச் சத்தம் கேட்ட நாட்களெல்லாம் ஞாபகம் வந்தன. லைன் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

கோபத்தில் யாரோடும் பேசாமல் கீல் கீலாக எண்ணெய் விட்டேன். அம்மா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள், “இந்த வீட்டுல மனுஷங்கதான் பேசலன்னா இப்பக் கதவும் பேச மாட்டேங்குது” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபத்தைத் தொடருவது கஷ்டம்.

பிரேக்கைப் பற்றி உனக்கு ஒன்று சொல்லியதில்லை. பிடிக்காத பிரேக்கை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். விடாத பிரேக்தான் ஆபத்து. வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், டிரைவருக்கு ஏதோ கனம் தெரியும், அவ்வளவுதான். உள்ளே சக்கரம் சூடேறிக் கருகிக்கொண்டிருக்கும். டிப்போவில் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கிறவன் என்று எனக்குப் பேர். வீட்டில் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

கூட்டத்தில் எழுந்தேன். மைக் வேண்டாம் என்றுவிட்டேன். “சதுப்பு தாழலைங்க. நான்தான் தினம் மேல ஏறி நின்னேன். அந்தக் கணக்கைத் தள்ளிருங்க” என்றேன்.  உடனே பின்வரிசையிலிருந்து கண்டக்டர், “இத்தனை நாளா டிக்கெட் எடுக்காம நின்னிருக்கான் பாருங்க!” என்று கத்தினார். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். பூட்ஸ்கூட. சிரிப்பு முழுதாக அடங்கும் முன்பே, “மனையையும் எடுத்துக்கங்க” என்றேன். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் சறுக்கியது. சிரித்த சத்தத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அம்மாவுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் என் பையை அவள் வாங்கிச் சுமந்தாள். அவள் அப்படிச் செய்கிற ஆளா என்று உனக்கே தெரியும்.

மேட்டில் புதுக் கரை எழும்ப மாதங்களாயின. சென்ற செவ்வாய்க்கிழமைதான் பழைய கரையை வெட்டினார்கள். பெரிய இயந்திரம், கூட்டம், எல்லாம் இருந்தது. ஆனால் கடல் உடைத்துக்கொண்டு பாய்ந்து வரும் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஏமாற்றம். தண்ணீர் இறங்கியிருந்தபோது வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கூட்டமும் கலைந்துவிட்டது. நானும் கண்டக்டரும் அம்மாவும் மட்டும் இந்தக் கரைமேல் உட்கார்ந்திருந்தோம். மதியத்துக்கு மேல் அது வந்தது. வீட்டில் யாரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிற விருந்தாளி மாதிரி, வெட்டின வாயில் முதலில் ஒரு நாக்கு. கொஞ்சம் நின்றது. பிறகு பழைய வண்டித்தடத்தில் இறங்கி, ஒவ்வொரு பள்ளமாக நிரப்பிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வந்தது. கண்டக்டர் எழுந்து நின்றார். அவர் மனைமேல்தான் முதலில் ஏறியது. கையை ஆட்டி, பழைய குரலில், “உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு!” என்றார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். சளி என்றார்.

நம் மனையில் நான் வாசல் வைத்திருந்த இடம், கூடம், நீ பதில் எழுதாத சமையலறை, எல்லாம் அரைமணியில் ஒரே பளபளப்பாகிவிட்டது. பார்க்க நன்றாக இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? நான் நினைத்துப் பார்த்த வீட்டைவிட நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டில் வெளிச்சம் அவ்வளவு வராது.

மஞ்சள் கம்பியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று இருந்தேன். பூட்ஸ் வந்து, அது அங்கேயே இருக்கட்டுமா, தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று தூரத்திலிருந்து பார்க்க வசதி என்று கேட்டாள். கேட்க வேண்டுமா. இப்போது அதில் அளவுக்கோடுகள் வரைந்திருக்கிறார்கள். தலையில் ஒரு கொக்கு, தினம் அதே கொக்கு, நின்றுகொண்டே பயணம் செய்கிறது. அது செய்யும் அசிங்கம் கம்பியில் வழிந்து காய்ந்திருக்கிறது. நான் துடைக்கவில்லை. கை துடிக்கிறது, ஆனாலும் துடைக்கவில்லை. என் திருந்திய நிலைக்கு இதைவிடச் சான்று வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்டுக்கொள்.

நாலாவது கம்பியடியில் சேறு ஏறத் தொடங்கியிருக்கிறதாம். ரொம்பக் கொஞ்சம், நகத்தின் கனம்கூட இராது. பூட்ஸ் சொன்ன அன்று வீட்டுக்கு வரும் வழியில் கண்டக்டருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்டார். சும்மா என்றேன்.

இந்தப் புதுச் சேற்றில் புல்லை யார் நடுவார்கள் என்று அவளைக் கேட்டேன். யாரும் நட வேண்டாம், விதை தண்ணீரோடு வரும் என்றாள். எப்போது வரும் என்றேன். “அதுக்கு வழி விட்டாச்சு அங்கிள். வர்றப்ப வரும்” என்றாள். சரி என்று கேட்டுக்கொண்டேன்.

மாற்று இடம் கொடுத்திருக்கிறார்கள், மேட்டில். அம்மா அதில் கத்திரி, வெண்டை என்று திட்டம் போடுகிறாள். அதில் உனக்காக என்று நான் ஒன்றும் நடவில்லை. பயப்படாதே. நம் வீட்டில் உன் அறை அப்படியே இருக்கிறது. அதுவும் காத்திருக்கவில்லை, அம்மா அதில் துணி மடித்து வைக்கிறாள். நீ வந்தால் எடுத்துவிடுவாள். அறைக்கதவு இப்போது சத்தம் போடாது.

நீ வாங்கிய வீட்டில் உனக்கு நல்ல தூக்கமும், நல்ல அக்கம்பக்கமும், ஒழுகாத குழாயும் அமையட்டும். அந்த வாசலில் உன்னைத் தேடி வருகிறவர்கள் நல்லவர்களாக இருக்கட்டும். நீ நிற்கும் இடத்தில் நிலம் உறுதியாக இருக்கட்டும். எனக்குத் தெரிந்த வாழ்த்து இவ்வளவுதான், இதில் ஒன்றும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வீட்டில் சமையலறை எந்தப் பக்கம்? நான் யோசனை ஒன்றும் சொல்ல மாட்டேன். காலையில் தேநீர் குடிக்கும்போது, இப்போது அவள் எந்த ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்ளத்தான்.

இனி பலகையை விட்டு இறங்காத,
உன் அப்பா